சிங்க் அடைப்பு: நுரை பொங்கியது, தண்ணீர் இறங்கவில்லை

ஜூன் 4, வந்த கேள்வி

சமையலறை சிங்க்கில் நேற்று மாலையிலிருந்து தண்ணீர் அப்படியே நிற்கிறது. எல்லோரும் சொல்வது போல அரை கப் சமையல் சோடா போட்டு, அதன் மேல் அரை கப் வினிகர் ஊற்றினேன். ஜோராகப் பொங்கியது. அரை மணி நேரம் விட்டு, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினேன். இப்போது பழைய தண்ணீரோடு அதுவும் சேர்ந்து நிற்கிறது. மூன்று முறை செய்தாயிற்று. நான்காவது முறை செய்தால் போகுமா? அளவைக் கூட்டிப் பார்க்கட்டுமா?

ஜூன் 4, காலை

போகாது. வினிகர் பாட்டிலை மூடி அலமாரியில் வையுங்கள்.

வேறு எதையும் செய்வதற்கு முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும். தண்ணீர் துளிகூட இறங்காமல் நிற்கிறதா, இல்லை மெதுவாகவாவது வடிகிறதா? குளியலறை, வாஷ்பேசின் போன்ற மற்ற இடங்களில் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா? சோடா, வினிகர் தவிர வேறு எதையாவது ஊற்றினீர்களா? கடைசிக் கேள்விக்கு மட்டும் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அடைப்பு நீக்கும் பொடி எதையாவது போட்டிருந்தால், நான் சொல்லப்போவதில் பாதியைச் செய்யவே கூடாது.

ஜூன் 4, மதியம்

துளிகூட இறங்கவில்லை, குளியலறை சரியாக இருக்கிறது, வேறு எதுவும் ஊற்றவில்லை என்று பதில் வந்திருக்கிறது. நல்லது. அப்படியானால் அடைப்பு சிங்க்குக்கும் பொதுக் குழாய்க்கும் நடுவில் எங்கோதான் இருக்கிறது. வீட்டில் மற்ற இடங்களிலும் தண்ணீர் தேங்கினால், அதிலும் தாழ்வான வடிகாலில் இருந்து தண்ணீர் மேலே எழும்பினால், அது பொதுக் குழாயின் கோளாறு. சிங்க் முன்னால் நின்று என்ன செய்தாலும் அது தீராது. அதற்கு பிளம்பர்தான்.

உங்களுடையது சிங்க்குக்கு நேர் கீழே இருக்கும் வளைவில்தான். கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

கொதிநீர் ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்தீர்களா? அது அடைப்பைத் தொடவே இல்லை. ஏற்கெனவே தண்ணீர் நிற்கும் சிங்க்கில் வெந்நீர் ஊற்றினால், வெந்நீர் லேசானது என்பதால் மேலேயே தங்கி, மெல்ல ஆறிப் போகும். கீழே வளைவில் இருப்பது நேற்றைய குளிர்ந்த தண்ணீர்தான். சூடு கொடுப்பதாக இருந்தால், முதலில் நிற்கும் தண்ணீரை ஒரு கப்பால் மொண்டு வாளியில் எடுத்துவிட வேண்டும்.

ஜூன் 4, இரவு

சோடா வினிகர் மேல் எனக்கு என்ன கோபம் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கோபம் இல்லை, நானும் பல வருடம் நம்பியவன்தான். கணக்குப் போட்டுப் பார்த்ததில் இருந்து நம்பிக்கை போய்விட்டது.

சமையல் சோடா ஒரு காரம். வினிகர் ஒரு அமிலம். இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தீர்த்துக்கொள்ளும். மிஞ்சுவது கரியமில வாயு, தண்ணீர், சோடியம் அசிடேட் என்கிற உப்பு. அதாவது அடைப்பைக் கரைக்கும் என்று நாம் நம்பிய இரண்டு பொருளும் அடைப்பைப் பார்ப்பதற்கு முன்பே தங்களுக்குள் சண்டை போட்டுச் செத்துப்போகின்றன. நாம் மேலே நின்று அந்தச் சண்டையின் நுரையைப் பார்த்து மகிழ்கிறோம்.

வாயு அழுத்தம் கொடுத்து அடைப்பைத் தள்ளும் என்று சொல்வார்கள். ஒரு மேசைக்கரண்டி சோடாவில் இருந்து சுமார் 4 லிட்டர் வாயு வரும், அது உண்மை. ஆனால் மேலே வாய் திறந்த குழாய் இருக்கிறது. வாயு ஏன் சிரமப்பட்டு அடைப்பைத் தள்ளப்போகிறது? வந்த வழியே மேலே போய்விடும். நுரை மேலே வருகிறது என்பதே அழுத்தம் கீழே போகவில்லை என்பதற்குச் சாட்சி. வாயை அடைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். மூடி எகிறி, முகத்தில் சாக்கடைத் தண்ணீர் அடிக்கும்.

ஜூன் 5, காலை

நேற்று இரவு எழுதியதில் ஒரு தவறு. இரண்டும் தீர்ந்து உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும் என்று சொல்லிவிட்டேன். படுத்த பிறகுதான் அளவு மனதில் ஓடியது. 84 கிராம் சோடாவைத் தீர்க்க 60 கிராம் அசிட்டிக் அமிலம் வேண்டும். 5 சதவீத வினிகரில் அது ஒரு லிட்டர் 200 மில்லியில்தான் கிடைக்கும். ஒரு மேசைக்கரண்டி சோடாவுக்கே 200 மில்லி வினிகர் பிடிக்கும். நீங்கள் போட்டது அரை கப் சோடா, ஊற்றியது அரை கப் வினிகர். அதில் சோடாவின் பெரும்பகுதி தொடப்படாமல் பொடியாகவே உள்ளே போயிருக்கும். மூன்று முறை.

ஆக, வளைவுக்குள் இப்போது பழைய கசடோடு சமையல் சோடா வண்டலும் படிந்திருக்கலாம். பயப்பட வேண்டாம், தண்ணீர் ஓடத் தொடங்கினால் கரைந்து போகும். ஆனால் அளவைக் கூட்டலாமா என்று கேட்டீர்களே, அதற்கு இதுதான் பதில்.

ஜூன் 5, மதியம்

பிளஞ்சர். ரப்பர் கிண்ணம் வைத்த குச்சி. வீட்டில் இருந்தால் எடுங்கள். டாய்லெட்டுக்கு வைத்திருப்பதை எடுக்காதீர்கள். அருவருப்புக்காக மட்டும் சொல்லவில்லை. அதில் உள்ளே நீண்ட ஒரு வாய் இருக்கும், சிங்க்கின் தட்டையான அடியில் அது படியாது. சிங்க்குக்குத் தட்டையான கிண்ணம்தான் சரி.

இதைத் தவறாகச் செய்பவர்கள்தான் அதிகம். நானும் பல வருடம் தவறாகத்தான் செய்தேன். சிங்க்கைக் காயவைத்துவிட்டு வறட்டு வறட்டென்று குத்துவேன். புசுபுசுவென்று காற்று போகும், வேறு ஒன்றும் நடக்காது. காற்றை அமுக்கலாம். தண்ணீரை அமுக்க முடியாது. நீங்கள் கொடுக்கும் அடி அடைப்பு வரை போக வேண்டும் என்றால் நடுவில் தண்ணீர் இருக்க வேண்டும், காற்று இருக்கக் கூடாது. அதனால் கிண்ணம் மூழ்கும் அளவுக்குத் தண்ணீரை விட்டுவையுங்கள். கிண்ணத்தைச் சாய்த்து உள்ளே இறக்கி, காற்றுக் குமிழியை வெளியேற்றிவிட்டு நிமிர்த்துங்கள். விளிம்பில் கொஞ்சம் வாசலின் தடவினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது ஓட்டைகள். சிங்க்கின் மேல் விளிம்பருகே தண்ணீர் வழியாமல் இருக்க ஒரு ஓட்டை இருக்கும். இரட்டைத் தொட்டி என்றால் பக்கத்துத் தொட்டியிலும் வடிகால் இருக்கும். இரண்டையும் ஈரத்துணியால் இறுக்கி அடையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் இங்கே குத்தக் குத்த அங்கே ஊற்று கிளம்பும். பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் குழாய் இதில் வந்து சேர்ந்தால் அதையும் கிளிப் போட்டு மூடுங்கள்.

குத்துவதைவிட இழுப்பது முக்கியம். வேகமாக மேலும் கீழும், 15 அல்லது 20 தடவை, கிண்ணம் அடியை விட்டு எழும்பாமல். கடைசியில் வெடுக்கென்று ஒரே இழுப்பு. அடைப்பை முன்னும் பின்னும் ஆட்டித் தளரவைப்பதுதான் நோக்கம். ஒரே பக்கம் பலமாகத் தள்ளினால் அது இன்னும் இறுகிக்கொள்ளும்.

ஜூன் 5, மாலை

பிளஞ்சர் இல்லையாம். சரி, ஒரு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கும் அல்லவா? வெந்நீர் நிரப்பி (கை பொறுக்கும் சூடு), கட்டைவிரலால் வாயை மூடிக் கவிழ்த்து, சிங்க்கின் ஓட்டையில் வாய் பொருந்தும்படி வைத்து, சுற்றி ஈரத்துணி கட்டி, இரண்டு கையாலும் பிழியுங்கள். பிளஞ்சர் அளவுக்கு இல்லை, ஆனாலும் வேலை செய்யும். ஒன்று மட்டும்: சட்டையை மாற்றிக்கொண்டு செய்யுங்கள்.

ஜூன் 5, இரவு

கோலா ஊற்றலாமா என்று இன்னொருவர். அதில் பாஸ்பாரிக் அமிலம் இருக்கிறது, துருவை நீக்கும், சரிதான். உங்கள் அடைப்பு துரு இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு. அமிலம் எண்ணெயைக் கரைக்காது. குடித்துவிடுங்கள்.

ஜூன் 6, காலை

பாட்டில் வைத்தியத்தில் "களக் களக்" என்று சத்தம் வந்ததாம், கொஞ்சம் கறுப்பாக மேலே வந்ததாம், தண்ணீர் இறங்கவில்லையாம். சரி, வளைவைக் கழற்றிவிடலாம். பயப்படும் அளவுக்கு ஒன்றும் இல்லை. பிளாஸ்டிக் நட் என்றால் கையாலேயே திறக்கும். பெரிய வாளியைக் கீழே வையுங்கள். அலமாரியில் இருக்கும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். கழற்றுவதற்கு முன் கைபேசியில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது பத்து நிமிடத்தில் மறந்துபோகும்.

இதில் நான் செய்த கோமாளித்தனத்தையும் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு ஒரு வாளித் தண்ணீர் மிச்சம். மூன்று வருடம் முன்பு என் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது. அதில் இருப்பது வளைந்த குழாய் இல்லை, அதே வேலையைச் செய்யும் பாட்டில் வடிவ டிராப். கீழ்க் கிண்ணத்தைத் திருகிக் கழற்றினேன், மேல் நட்டையும் கழற்றினேன், கறுப்புக் கொழகொழப்பு எல்லாம் வாளியில் விழுந்தது. வாளியைக் கொண்டுபோய் டாய்லெட்டில் கொட்டினேன். அதுவரை சரி. திரும்பி வந்து, வாளியில் ஒட்டியிருந்ததை அலசுவதற்காக அதே சிங்க்கில் வைத்துக் குழாயைத் திறந்தேன். கீழே டிராப் இல்லை என்பது, தண்ணீர் என் கால் விரல் மேல் கொட்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

அத்தோடு முடியவில்லை. திரும்ப மாட்டும்போது மேல் நட்டின் வாஷரைக் காணோம். வாளியோடு டாய்லெட்டில் போய்விட்டது என்று தலையில் அடித்துக்கொண்டேன். புது வாஷர் வாங்கிப் போட்டு முடித்தேன். அன்றிலிருந்து, வாளியைக் கொட்டுவதற்கு முன் வாஷரை எண்ணுவது என் வழக்கம்.

ஜூன் 6, மதியம்

முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது, விட்டுவிட்டேன். உங்கள் குழாய் பிவிசி தானே? அதில் இனிமேல் கொதிநீர் ஊற்றாதீர்கள். சாதாரண பிவிசி தொடர்ந்து தாங்குவது 60 டிகிரி வரைதான். 80 டிகிரியை நெருங்கினால் இளகத் தொடங்கும். ஒரு முறை ஊற்றியதும் உருகிவிடாது. ஆனால் மூட்டுகளில் வாஷர் தளரும், மெல்லிய நெளிகுழாய் தொய்ந்துபோகும். கொதிக்கும் தண்ணீரோடு பாதிக்குப் பாதி குழாய்த்தண்ணீர் கலந்தால் சுமார் 60 டிகிரி வரும், வெப்பமானி வேண்டாம். கொழுப்பை இளக்க அது தாராளம். வெண்ணெய் 35 டிகிரிக்குள்ளேயே உருகிவிடுகிறது, அதற்கு எதற்கு 100?

ஜூன் 6, இரவு

யாரோ காஸ்டிக் சோடாவைச் சிபாரிசு செய்திருக்கிறார். அது வேலை செய்யாது என்று நான் சொல்ல மாட்டேன். சமையல் சோடா போல இல்லை, அது நிஜமாகவே கொழுப்பைச் சோப்பாக மாற்றும், கரையும்போது தானே கொதிக்கும் அளவுக்குச் சூடாகும். அந்தச் சூடுதான் சிக்கல். தண்ணீர் முழுதாக நின்றுபோன சிங்க்கில் போட்டால் அது அடைப்பைத் தொடாமல் நடுவழியிலேயே இறுகிக் கல்லாகலாம். அலுமினியம் பட்டால் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

இதைவிட முக்கியம், அது வேலை செய்யாவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? காஸ்டிக் நிற்கும் சிங்க்கில் பிளஞ்சர் போட்டால் தெறிக்கும். டிராப்பைக் கழற்றினால் கையில் கொட்டும். பிளம்பர் வந்து தெரியாமல் கை விட்டால் அவர் கை வெந்துபோகும். ஏற்கெனவே போட்டுவிட்டவர்கள், அவர் குழாயில் கை வைப்பதற்கு முன்பே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

பிளீச் ஊற்றிய குழாயில் வினிகரோ வேறு ஆசிட்டோ ஊற்றாதீர்கள், குளோரின் வாயு வரும். அமோனியா கலந்த துப்புரவுத் திரவமும் பிளீச்சோடு சேரக் கூடாது, அதுவும் நச்சு வாயு. மூடிய சமையலறையில் குனிந்து நின்று பார்க்கும் ஆளுக்கு இரண்டும் ஆபத்து.

ஜூன் 7, காலை

வளைவைக் கழற்றிப் பார்த்தாராம். படம் பார்த்தேன். சுத்தமாக இருக்கிறது. கொஞ்சம் வெள்ளை வண்டல் (சமையல் சோடாதான், நான் சொன்னேன் அல்லவா), ஒரு டீஸ்பூன் அளவு கசடு. அவ்வளவுதான்.

கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்று எழுதினேன். கண்ணை மூடிக்கொண்டதுதான் தப்பு.

ஆனால் அதே படத்தில் வேறொன்று இருக்கிறது. வளைவிலிருந்து சுவருக்குப் போவது நெளிநெளியான வளைகுழாய். அது தேவையைவிட நீளமாக இருக்கிறது. அலமாரியின் தரையில் தொய்ந்து, மறுபடி மேலே ஏறிச் சுவருக்குள் போகிறது. கழிவுக் குழாய் 40 அடிக்கு ஒரு அடியாவது சரிந்துகொண்டே போக வேண்டும். உங்களுடையது மலை ஏறுகிறது. அந்தத் தொங்கலில் எப்போதும் தண்ணீர் தேங்கியிருக்கும். போதாததற்கு உள்ளே வரிவரியாகப் பள்ளம், ஒவ்வொரு பள்ளத்திலும் எண்ணெய் உட்கார இடம். அடைப்பு அங்கே இருக்க வேண்டும்.

இந்த முறை கண்ணைத் திறந்தே சொல்கிறேன். இருந்தாலும் பந்தயம் வைக்கவில்லை.

ஜூன் 7, மதியம்

நெளிகுழாயில் கம்பி விட வேண்டாம்! துணி மாட்டும் ஹேங்கரை நிமிர்த்திக் குத்தும் யோசனை இப்போது வருகிறது பாருங்கள், அதைத்தான் சொல்கிறேன். அதன் சுவர் மெல்லியது, கம்பி முனை பொத்துக்கொண்டு வெளியே வரும். வழவழப்பான கெட்டிக் குழாயில் கம்பி விடலாம். அப்போதும் முனையைச் சின்னக் கொக்கியாக மடக்கி, தள்ளாமல் மாட்டி இழுக்க வேண்டும். நேராகக் குத்தினால் நடுவில் ஒரு ஓட்டை விழும், தண்ணீர் போய்விடும், ஜெயித்துவிட்டோம் என்று நினைப்போம். சுற்றிலும் இருக்கும் பிசுக்கு அப்படியே இருக்கும், சீக்கிரமே மறுபடி மூடிக்கொள்ளும். அதற்கென்றே இருக்கும் ஸ்பிரிங் கம்பி கிடைத்தால் நல்லது. கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும்.

உங்களுக்கு எதுவுமே வேண்டாம். நெளிகுழாயை இரண்டு பக்கமும் கழற்றி வெளியே எடுங்கள். சுவரில் திறந்திருக்கும் குழாயை ஒரு துணியால் அடைத்து வையுங்கள், நாற்றம் வரும். அப்புறம் நெளிகுழாயைக் குளியலறைக்கு எடுத்துப்போய், சுவர்ப் பக்கத்து முனையில் இருந்து தண்ணீர் விடுங்கள். எந்தப் பக்கமாக வந்து சிக்கியதோ அதற்கு எதிர்ப் பக்கம் தள்ள வேண்டும்.

ஜூன் 7, மாலை

வந்துவிட்டது! ஒரு பாட்டில் மூடி, அதன் மேல் ஜாடியில் இருந்து உரிந்த லேபிள், இரண்டையும் சேர்த்துப் பூசியது போல வெளுத்த கொழுப்பு. மூடி குறுக்காக நின்றிருக்கிறது. தண்ணீர் வந்த திசையில் தள்ளத் தள்ள இன்னும் நன்றாகச் சிக்கியிருக்கும். பிளாஸ்டிக் மூடியை எந்த வினிகர் கரைக்கும்?

எனக்கு இதில் உறுத்துவது ஒன்றுதான். முதல் நாளே "உள்ளே என்ன விழுந்தது?" என்று நான் கேட்கவில்லை. என்ன ஊற்றினீர்கள் என்றுதான் கேட்டேன். இனிமேல் நாலாவது கேள்வியாக அதைச் சேர்க்க வேண்டும்.

ஜூன் 8

மாட்டும்போது நெளிகுழாயை அப்படியே மாட்டாதீர்கள், தொங்கல் இல்லாத அளவுக்கு வெட்டிச் சுருக்குங்கள். முடிந்தால் கெட்டிக் குழாயாகவே மாற்றிவிடுங்கள். வாஷரின் சரிவான பக்கம் மூட்டைப் பார்த்து இருக்க வேண்டும். நட்டைக் கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று, போதும். பலத்தைக் காட்டினால் பிளாஸ்டிக் மரை பிய்ந்துவிடும்.

கசிவு பார்க்கத் தண்ணீரைத் திறந்து ஓடவிட்டால் போதாது. ஓட்டையை மூடி, சிங்க்கை நிறைத்து, ஒரே அடியாகத் திறந்துவிடுங்கள். கீழே ஒவ்வொரு மூட்டையும் டிஷ்யூ தாளால் ஒற்றிப் பாருங்கள். விரலுக்குத் தெரியாத ஈரம் தாளுக்குத் தெரியும்.

ஜூன் 19

அடைப்பு போய்விட்டதே, ஏன் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்காதீர்கள். எண்ணெயை வெந்நீரோடு ஊற்றினால் கரைந்து போய்விடும் என்று ஒருவர் எழுதியதைப் பார்த்துச் சும்மா இருக்க முடியவில்லை. உங்கள் வீட்டுக் குழாயைத் தாண்டிப் போகும், அது வரை சரி. கொஞ்ச தூரத்தில் ஆறி, வேறு எங்கோ உட்காரும்.

அப்படி உட்கார்ந்தது எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு லண்டன் ஒயிட்சேப்பல் பகுதியின் சாக்கடை சாட்சி. 2017 செப்டம்பரில் அங்கே கண்டுபிடித்த கொழுப்புப் பாறையின் நீளம் 250 மீட்டர், எடை 130 டன். ஈரத் துடைப்பான்களும் டயப்பர்களும் கொழுப்போடு சேர்ந்து கல்லைப் போல இறுகியிருந்தன. ஆட்கள் இறங்கி வாரக்கணக்கில் உடைத்து எடுத்தார்கள். அதன் ஒரு துண்டைக் காயவைத்து, 2018-இல் லண்டன் அருங்காட்சியகத்தில் காட்சிக்கே வைத்தார்கள்.

அது வெறும் கொழுப்பு இல்லை என்பதுதான் வேடிக்கை. கொழுப்பு சிதைந்து வரும் அமிலம், தண்ணீரில் இருக்கும் கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத சோப்பாக மாறும். அதாவது உங்கள் சிங்க்குக்குள்ளும் ஒரு குட்டி சோப்புத் தொழிற்சாலை நடந்துகொண்டிருக்கலாம், குளிக்க உதவாத சோப்பு. கழுவுவதற்கு முன் பாத்திரத்தைத் தாளால் துடைத்துவிட்டால் தொழிற்சாலைக்கு மூலப்பொருள் போகாது.

ஜூலை 3

பொறுக்கவில்லை, நானே சோதித்துப் பார்த்தேன். மூன்று கண்ணாடி டம்ளரின் அடியில் கொழுப்பை உருக்கி ஊற்றி உறையவைத்தேன். ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும். இன்னொன்றில் 60 டிகிரி வெந்நீர் மட்டும். மூன்றாவதில் அதே வெந்நீரோடு பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு கரண்டி.

முதல் டம்ளர்: நல்ல காட்சி. நுரை அடங்கியதும் கொழுப்பு வைத்த இடத்திலேயே, வைத்த மாதிரியே. இரண்டாவது: கொழுப்பு உருகி மேலே மிதந்தது, ஆறியதும் மேலேயே தட்டாக உறைந்தது. மூன்றாவது: கலக்கிவிட்டதும் தண்ணீர் பால் போல வெளுத்தது, கீழே ஊற்றியபோது எல்லாம் சேர்ந்தே போனது.

இங்கே என் வாதத்தையும் கொஞ்சம் இறக்கிக்கொள்ள வேண்டும். சோடா வினிகர் போட்டு எங்கள் வீட்டில் சரியானது என்று இத்தனை பேர் சொல்கிறார்களே, எல்லோரும் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. அவர்களுடைய சிங்க் மெதுவாகத்தான் வடிந்துகொண்டிருந்திருக்கும், முழுதாக அடைத்திருக்காது. கடைசியில் ஒரு குடம் வெந்நீர் ஊற்றியிருப்பார்கள். வேலை செய்தது அந்தக் குடம். பெயர் வாங்கியது நுரை. எப்படியோ சிங்க் சரியானது, அவர்களிடம் போய் நான் சண்டை போடுவானேன்.

சமையல் சோடாவை மட்டும் தனியாக, வினிகர் இல்லாமல், ஈரப் பிரஷ்ஷில் தொட்டு ஓட்டையின் வாயைத் தேய்த்துப் பாருங்கள். பிசுக்கும் வாடையும் நன்றாகப் போகும்.

ஜூலை 22

அடைப்பு இல்லை, நாற்றம் மட்டும் வருகிறது என்று புதிதாக ஒரு கேள்வி. ஊருக்குப் போய்விட்டு வந்தீர்களா? வளைவில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவுக்குப் பூட்டு. பெரும்பாலும் 5 செ.மீ. ஆழம்தான் அந்தப் பூட்டு. பல வாரம் குழாயைத் திறக்காவிட்டால் வற்றிவிடும். ஒரு கப் தண்ணீர் ஊற்றுங்கள், தீர்ந்தது.

இந்த எளிய யோசனைக்குக் காப்புரிமை வாங்கியவர் அலெக்சாண்டர் கம்மிங், 1775-இல், கழிப்பறைக்காக. தொழில் கடிகாரம் செய்வது. கடிகாரக்காரருக்குக் குழாயை வளைத்துத் தண்ணீரைத் தேக்கத் தோன்றியிருக்கிறது. எனக்கு அந்த வளைவைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திறக்கத் தோன்றியது.

ஆகஸ்ட் 11, இரவு

சிரிக்காதீர்கள். என் வீட்டு சிங்க் அடைத்துக்கொண்டது.

இரண்டு மாதமாக ஊருக்கு உபதேசம் செய்தவன், இன்று மாலை என்ன செய்தேன் தெரியுமா? சமையல் சோடா போட்டு வினிகர் ஊற்றினேன். வீட்டுப் பிள்ளைகளுக்கு நுரை பார்க்க வேண்டுமாம். நன்றாகப் பொங்கியது, கைதட்டினார்கள், தண்ணீர் இறங்கவில்லை. அப்புறம் முறையாகத் துணி அடைத்து, பிளஞ்சர் போட்டு, 20 தடவை. கொஞ்சம் இறங்கியது, நின்றது. மறுபடி 20. மறுபடி நின்றது. ஏதோ உள்ளே கதவு போலத் திறந்து மூடுகிற மாதிரி இருந்தது.

டிராப்பைக் கழற்றி, மேல் நட், கீழ்க் கிண்ணம், எல்லாவற்றையும் வாளியில் போட்டேன். குழாயைத் தொடக் கூடாது என்று பிள்ளைகளிடம் சொல்லி, சிங்க்கின் மேல் ஒரு பலகையும் வைத்தேன். வாளியைத் தூக்கிக்கொண்டு டாய்லெட் வரை போனவன், வழக்கம் போல நின்று வாஷரை எண்ணினேன்.

இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தது. மூன்றாவது கறுத்துப்போய், சுற்றிலும் மூன்று வருடத்துக் கொழுப்போடு, கிண்ணத்தின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது.